கூட்டத்தில் எடுத்த முடிவு குடோனில் நடக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் பக்கம் எந்த வேர்ஹவுஸுக்குப் போனாலும் முடிவுகளுக்குப் பஞ்சம் இருக்காது. 'இனி ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் பண்ணித்தான் ஏற்ற வேண்டும்.' 'வேகமாகப் போகும் சரக்கை டாக் பக்கம் கொண்டுவருவோம்.' 'வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கித்தான் உள்ளே விடணும்.' எல்லாம் நல்ல முடிவுகள்தான். கூட்டக் குறிப்பு, அதாவது மினிட்ஸ், மெயிலில் போய்விடும். இரண்டு வாரம் கழித்து, வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் போய் நின்றால் பழைய வழக்கமே ஓடிக்கொண்டிருக்கும். மேலே இருப்பவர் 'ஆட்களுக்குப் பொறுப்பில்லை' என்பார். கீழே இருப்பவர் 'ஏசி ரூமில் உட்கார்ந்து முடிவெடுத்தால் இப்படித்தான்' என்பார். இரண்டு பேச்சும் கோளாறைக் கண்டுபிடிக்க உதவாது.

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு மாதிரி அன்றாடச் சரக்கை வாங்கி வைத்து, பிரித்து அனுப்பும் நடுத்தர வேர்ஹவுஸை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, வரிக் கணக்குக்காக மாநிலத்துக்கு ஒன்று என்று வைத்திருந்த சின்ன டிப்போக்களைப் பல கம்பெனிகள் மூடிவிட்டுப் பெரிய வேர்ஹவுஸ்களுக்கு மாறின. பத்துப் பேர் வேலை செய்த பழைய குடோனில் மேனேஜர் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னாலே போதும், முடிவு அமலாகிவிடும். இப்போது சரக்குக்குச் சொந்தக்காரக் கம்பெனி ஒன்று, வேர்ஹவுஸை நடத்தும் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் இன்னொன்று, லோடுமேன்களைத் தரும் கான்ட்ராக்டர் மூன்றாவது, வண்டி அனுப்பும் டிரான்ஸ்போர்ட் நான்காவது. கூட்டத்தில் உட்காருவது பெரும்பாலும் முதல் இரண்டு தரப்பு. முடிவைக் கையால் செய்ய வேண்டியது கடைசி இரண்டு தரப்பு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்

முடிவு எடுத்த பிறகு டாக்கில் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது மாறியதா? நான்கு இடங்களில் தேடலாம். ஆள் கையில் இருக்கும் தாள் அல்லது ஸ்கேனர் திரை. சரக்கு இருக்கும் இடம். அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி. எதற்கு யார் சரி சொல்லலாம் என்ற அனுமதி. நான்கில் ஒன்றுகூட மாறவில்லை என்றால், மாறியது மினிட்ஸ் மட்டும்தான்.

நினைவூட்டல் மெயில், சுவரில் போஸ்டர், அரை மணி நேரப் பயிற்சி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலி ஒரு பக்கம் இழுக்கும்போது போஸ்டர் மறுபக்கம் இழுத்து ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைக் கண்டுபிடித்து அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.

அறிகுறி: எல்லாரும் சரி என்றார்கள், யாரும் செய்யவில்லை

இதுதான் எளிதான கோளாறு. மினிட்ஸை எடுத்து அந்த வரியைப் படியுங்கள். 'இன்வர்ட் டீம் பார்த்துக்கொள்ளும்', 'உடனடியாக அமல்படுத்தப்படும்' என்று இருக்கும். வரும் சரக்கை இறக்கி வாங்கும் இன்வர்ட் டீமில் மூன்று ஷிஃப்டிலும் சேர்த்து எத்தனை பேர்? அவர்களில் யார்? உடனடி என்றால் இன்று மதியமா, திங்கட்கிழமையா?

அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள். 'திங்கள் பி ஷிஃப்ட் முதல், 3ஆம் டாக்கில் இறங்கும் பாலட்டுகளில் உடைந்த பெட்டிகளை இன்வர்ட் சூப்பர்வைசர் மஞ்சள் கோட்டுக்குள் தனியாக வைப்பார்; இதுவரை செய்ததுபோல் ஜிஆர்என் முடிந்த பிறகு பிரிக்க வேண்டாம்.' (பாலட் என்பது பெட்டிகளை அடுக்கும் தட்டு, ஜிஆர்என் என்பது சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு.) கடைசிப் பாதியைக் கவனியுங்கள். எதை நிறுத்த வேண்டும் என்று எழுதாத முடிவில் பழைய வேலை, புதிய வேலை இரண்டும் ஆளின் தலையில் விழும். அவர் தெரிந்ததைத்தான் செய்வார்.

இப்படி ஒரு வாக்கியமாக எழுதவே முடியவில்லை என்றால் கூட்டத்தில் பேசி முடிக்கவில்லை என்று அர்த்தம். திரும்பப் போய்ப் பேசுங்கள்.

அறிகுறி: பகலில் நடக்கிறது, இரவில் நடக்கவில்லை

கூட்டம் காலை பதினோரு மணிக்கு நடந்திருக்கும். இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர் அப்போது ரூமில் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு விஷயம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், நாற்பது வண்டி போட்டோக்களுக்கும் இரண்டு 'குட் மார்னிங்' படங்களுக்கும் நடுவில்.

ஷிஃப்ட் ஒப்படைப்பு ரெஜிஸ்டரை வாங்கிப் பாருங்கள். ஒரு வாரப் பக்கங்களில் 'ஆல் ஓகே' என்பதைத் தவிர வேறு எழுத்து இல்லை என்றால் கோளாறு அங்கேதான். ஒப்படைப்பு என்பது கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது.

சரிசெய்வதற்கு ரெஜிஸ்டரில் இன்னொரு கட்டம் சேர்த்துப் பயனில்லை. இரண்டு ஷிஃப்டும் பதினைந்து நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, வெளியேறும் சூப்பர்வைசரும் உள்ளே வருபவரும் சேர்ந்து டாக்கில் ஒரு சுற்று நடக்க வேண்டும். மாறிய விஷயத்தை அது மாறிய இடத்தில் நின்று காட்ட வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாளிலிருந்து ஒருவர் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்.

மொழியும் இங்கே வரும். லோடிங்கில் நிற்பவர்களில் கணிசமானோர் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தமிழ் அறிவிப்புப் பலகையும் ஆங்கிலத்தில் இருக்கும் செய்முறைத் தாளும் (எஸ்.ஓ.பி.) அவர்களுக்கு ஒன்றுதான். அவர்களுக்குள் ஒரு மேஸ்திரி இருப்பார். உண்மையில் குழுவை நடத்துவது அவர்தான். முடிவை அவரிடம் நேரில் சொல்லுங்கள், அவர் தன் ஆட்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எந்த மொழியிலும் பதில் 'ஆமாம்'தான். 'ஒரு பாலட்டை வைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். தெரிந்துவிடும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதிகாலை மூன்று மணிக்கு ஒரு முறை போய் வந்தால் போதும். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அறிகுறி: ஸ்கேன் நூறு சதவீதம் காட்டுகிறது, ஆனால் பெட்டிக் குறைவு புகார் நிற்கவில்லை

இது கொஞ்சம் நீளமாகப் போகும். காரணம், இந்த ஒன்றைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு மற்றவை சுலபம்.

முதலில் வேர்ஹவுஸ் கணக்கை வைத்திருக்கும் டபிள்யூ.எம்.எஸ். சாஃப்ட்வேரிலிருந்து ஒரு வண்டியின் ஸ்கேன் பதிவுகளை நேரத்தோடு எடுங்கள். ஒழுங்காக ஏற்றிய வண்டியில் பதிவுகள் ஒழுங்கற்று வரும்: எட்டுப் பெட்டி மளமளவென்று, பிறகு ஒரு இடைவெளி, அடுத்த பாலட், அப்புறம் டீ. கள்ள ஸ்கேனில் ஒரு பொருளின் பெட்டிகள் எல்லாம் விநாடிக்கு ஒன்றாக இடைவிடாமல் வரிசையில் நிற்கும். கையால் பெட்டி தூக்கிக்கொண்டே அந்த வேகத்தில் ஸ்கேன் செய்ய யாராலும் முடியாது. அப்புறம் டாக் கதவுக்குப் பக்கத்துத் தூணையும் சூப்பர்வைசரின் கிளிப்போர்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். பெட்டிகளிலிருந்து கிழித்த லேபிள்கள் அங்கே அழகாக வரிசையில் ஒட்டியிருக்கும். ஒரே பொருளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் அதே பார்கோடுதான். அதனால் நூறு பெட்டியை ஸ்கேன் செய்தாலும் தூணில் இருக்கும் ஒரு லேபிளை நூறு முறை அடித்தாலும் சிஸ்டத்துக்கு வித்தியாசம் தெரியாது.

கண்டுபிடித்ததும் அபராதம் போட்டுவிடாதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். ஸ்கேன் செய்வதால் ஒரு பெட்டிக்கு ஐந்து விநாடி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 900 பெட்டி ஏறும் வண்டிக்கு 75 நிமிடம். லோடுமேனுக்குக் கூலி பெட்டிக் கணக்கில். அந்த 75 நிமிடத்தில் அவர் வேறு வண்டியில் பாதி ஏற்றியிருப்பார். ஆக, நீங்கள் எடுத்த முடிவு அவர் பையிலிருந்து தினமும் கொஞ்சம் பணம் எடுக்கிறது. கூட்டத்தில் யாரும் அப்படி நினைத்து முடிவெடுக்கவில்லை, சரி. ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. தூணில் ஒட்டிய லேபிள் அவர் எழுதிய பதில்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் கருவி. எத்தனை ஸ்கேனர் வேலை செய்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனையில் சார்ஜ் இருக்கிறது, மாற்று பேட்டரி எந்த அலமாரியில், அந்தச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி பகல் ஷிஃப்ட் ஆளோடு வீட்டுக்குப் போயிருந்தால் உங்கள் விசாரணை அங்கேயே பாதி முடிந்தது. வைஃபையையும் பாருங்கள். கட்டடம் காலியாக இருந்தபோது சோதித்துப் பார்த்து ஆன்டெனா மாட்டியிருப்பார்கள். ரேக் முழுக்க ஷாம்பு, எண்ணெய் என்று திரவச் சரக்கு நிறைந்த பிறகு சிக்னலை அது விழுங்கிவிடும். பின்வரிசைகளில் ஸ்கேனர் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கே ஆள் காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, ஸ்கேன் எண்ணிக்கையைக் குறைப்பது. முழுப் பாலட்டாகப் போகும் சரக்குக்குப் பெட்டி பெட்டியாக ஸ்கேன் எதற்கு? இன்வர்டிலேயே பாலட்டுக்கு ஒரு தனி எண் கொடுத்து லேபிள் ஒட்டிவிட்டால் ஏற்றும்போது ஒரு ஸ்கேன் போதும். இதற்கென்றே எஸ்.எஸ்.சி.சி. என்ற 18 இலக்க எண்ணை ஜிஎஸ்1 அமைப்பு வகுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாலட்டுக்கும் எண் வேறு என்பதால் அதே லேபிளை இரண்டாம் முறை அடித்தால் சிஸ்டம் மறுக்கும்படி செய்யலாம். தூண் வித்தை அங்கே பலிக்காது. கலவையாகப் போகும் உதிரிப் பெட்டிகளுக்கு மட்டும் கை ஸ்கேன் மிஞ்சும்.

மூன்றாவது கூலி. உதிரிப் பெட்டிகளை ஸ்கேன் செய்ய ஷிஃப்ட் சம்பளத்தில் தனியாக ஒரு செக்கர் போடலாம், அல்லது ஸ்கேனோடு ஏற்றும் வண்டிக்குப் பெட்டி ரேட்டை உயர்த்தலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். எண்ணுகிறவருக்கும் ஏற்றுகிறவருக்கும் ஒரே பையிலிருந்து கூலி வந்தால் எண்ணிக்கை எப்போதும் ஏற்றுகிறவர் பக்கம் சாயும். எந்த வழியானாலும் செலவு கூடும். பெட்டிக் குறைவுக்குப் பணத்தைக் கழித்துக்கொண்டு டீலர்கள் அனுப்பும் டெபிட் நோட்டுகளின் மூன்று மாதக் கூட்டுத்தொகையோடு அதை வைத்துப் பார்த்து, சரக்குக் கம்பெனியிடம் பேசுங்கள். பேசி முடித்து கான்ட்ராக்டரின் ரேட் ஒப்பந்தத்தில் திருத்தம் கையெழுத்தான பிறகுதான் ஸ்கேனைக் கட்டாயம் என்று அறிவிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அறிவிப்பு முதலில் வருகிறது, ரேட் பேச்சு 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நிற்கிறது.

அபராதத்தோடு ஆரம்பித்தால் என்ன ஆகும் தெரியுமா? கள்ள ஸ்கேனுக்கு நடுவே டீ இடைவேளை விட்டு அடிக்கப் பழகிக்கொள்வார்கள். அப்புறம் பதிவைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: ஃபெஃபோ என்று முடிவெடுத்தோம், ஆனாலும் பழைய பேட்ச் உள்ளேயே கிடக்கிறது

எக்ஸ்பைரி முதலில் வருவது முதலில் வெளியே போக வேண்டும் என்ற முடிவை எதிர்ப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் மாதக் கடைசிக் கணக்கெடுப்பில் இரண்டு மாத ஆயுள் மட்டும் மிச்சமுள்ள பிஸ்கட் பாலட்டுகள் மூலையிலிருந்து கிளம்பும். உடனே, ரேக்கிலிருந்து சரக்கை எடுத்துத் தரும் பிக்கர் மேல் பழி போடுவார்கள்.

ரேக்கைப் பாருங்கள். அது டிரைவ்-இன் ரேக்கா? ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கமாக உள்ளே நுழைந்து ஆழத்திலிருந்து அடுக்கிக்கொண்டே வெளியே வரும் அமைப்பு என்றால், கடைசியில் வைத்ததுதான் முதலில் வரும். அதில் மூன்று பேட்ச்களைக் கலந்து வைத்துவிட்டு ஃபெஃபோ கேட்டால் பிக்கர் முன்னால் இருக்கும் நாலு பாலட்டை இறக்கி, ஐந்தாவதை எடுத்து, நாலையும் திரும்ப ஏற்ற வேண்டும். வண்டி டாக்கில் ஹாரன் அடிக்கும்போது அதைச் செய்ய மாட்டார். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பிளாக் ஸ்டாக்கிலும் இதே கதை. முடிவை ஆள் மறுக்கவில்லை, ரேக் மறுக்கிறது.

இங்கே மாற வேண்டியது இடம். வந்த சரக்கை எங்கே வைக்க வேண்டும் என்ற புட்-அவே விதியை, டிரைவ்-இன் லேன் ஒன்றில் ஒரே பேட்ச் என்று மாற்றுங்கள். லேன் பாதி காலியாக நிற்கும், இடம் வீணாகிறதே என்று மேலே இருந்து போன் வரும். அந்த வீண் இடத்தின் வாடகையை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடிவின் விலைதான். சின்ன பேட்ச்களாக வரும் பொருட்களை ஒவ்வொரு பாலட்டையும் தனியாக எடுக்க முடிகிற செலக்டிவ் ரேக்குக்கு நகர்த்திவிடுங்கள்.

செலக்டிவ் ரேக்கிலேயே இந்தக் கோளாறு என்றால் தேதி கண்ணுக்குத் தெரிகிறதா பாருங்கள். அட்டைப்பெட்டியில் தேதி மங்கலான இங்க்ஜெட் புள்ளிகளில் இருக்கும். பாலட்டை வைத்தவர் அந்தப் பக்கத்தைச் சுவர் பார்த்துத் திருப்பியிருப்பார். இன்வர்டிலேயே ஒரு ஏ4 தாளில் எக்ஸ்பைரி மாதமும் வருடமும் கட்டை மார்க்கரால் எழுதி, வழிப்பக்கம் தெரியும்படி, பாலட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையான ஸ்ட்ரெட்ச் ராப்புக்கு அடியில் சொருகச் சொல்லுங்கள். மலிவான வைத்தியம், நன்றாக வேலை செய்யும்.

ஆன்லைன் மளிகைக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு இதில் நெருக்கடி கூடியிருக்கிறது. வாடிக்கையாளர் கையில் சேரும்போது உணவுப் பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. அவர்கள் தங்கள் பக்கம் நாள் வைத்துக்கொண்டு இன்னும் கடுமையாகத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அறிகுறி: இடம் மாற்றிய பிறகு சிஸ்டம் ஒன்று சொல்கிறது, ரேக் ஒன்று சொல்கிறது

வேகமாகப் போகும் பொருட்களை டாக் பக்கம் கொண்டுவந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆள் போட்டு நகர்த்தினார்கள். புதன்கிழமைக்குள் பாதி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

பெரும்பாலும் புட்-அவே விதியை மாற்றாமல் விட்டிருப்பார்கள். எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்ற சிஸ்டம் பட்டியலில் (பின் மாஸ்டர்) புதிய இடம் பதிந்திருக்கும். ஆனால் அடுத்த லோடு வந்தபோது சிஸ்டம் பழைய விதிப்படி 'சி வரிசைக்குக் கொண்டுபோ' என்று சொல்லியிருக்கும். ஆபரேட்டர் திரை சொன்னபடி செய்தார். அடுத்து, முன்பக்க இடம் காலியாகும்போது பின்னாலிருந்து எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்ற குறைந்த, அதிக அளவுகளைப் பாருங்கள். புதிய இடம் சின்னதாக இருந்தும் பழைய அளவே நின்றால் மிச்சம் வழியில் கிடக்கும். மூன்றாவதாக, பழைய ரேக்கில் பழைய லேபிள் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். பழகிய ஆபரேட்டர் திரையைப் பார்ப்பதே இல்லை, லேபிளைப் பார்க்கிறார்.

அடுத்த முறை இந்த வரிசையில் செய்தால் போதும்: ஸ்டாக் குறைவாக இருக்கும் மாதத் தொடக்கத்தில் அந்தப் பொருட்களின் நடமாட்டத்தை நிறுத்தி, நகர்த்தி, எண்ணி, மாஸ்டரையும் விதியையும் அளவையும் ஒரே நேரத்தில் மாற்றி, பழைய லேபிளை எடுத்துவிட்டு, ஒரு சோதனை லோடை இறக்கிப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள். நகர்த்தும் முன் ரேக்கில் மாட்டியிருக்கும் எடைப் பலகையைப் படியுங்கள். டிஷ்யூ பேப்பர் இருந்த தட்டில் டிடர்ஜென்ட் பாலட்டை ஏற்றுவது இடம் மாற்றம் மட்டுமல்ல. பீம் அந்த எடைக்குப் போட்டதா என்று தெரியாமல் செய்யக் கூடாத வேலை அது.

அறிகுறி: இருபது நாள் நன்றாக நடந்தது, மாதக் கடைசியில் காணாமல் போனது

விற்பனைப் பிரிவு இலக்கை எட்ட கடைசி வாரத்தில் சரக்கைத் தள்ளும். சாதாரண நாளில் பதினைந்து வண்டி என்றால் அன்றைக்கு முப்பது நிற்கும். சாதாரண நாளுக்கென்று எடுத்த முடிவு அங்கே உடைவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இங்கே உண்மையான கேள்வி: உடையும்போது எதை விடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எழுதி வைக்கவில்லை என்றால் டாக்கில் நிற்கும் மிகவும் களைத்த ஆள் முடிவு செய்வார். அவர் விடுவது அவருக்கு அதிக நேரம் பிடிக்கும் வேலையை. அது பெரும்பாலும் பேட்ச் சரிபார்ப்பாக இருக்கும்.

அதனால் விலக்கையும் சேர்த்து முடிவெடுங்கள். எத்தனை வண்டிக்கு மேல் போனால் விலக்கு தொடங்கும், எந்தப் படிகளை விடலாம், யார் அறிவிப்பார், எப்போது முடியும். தினசரிச் சுழற்சிக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போடலாம். சென்னைக்குள்ளேயே போகும் சரக்குக்கு ஸ்ட்ரெட்ச் ராப் சுற்றைக் குறைக்கலாம். பேட்ச் சரிபார்ப்பை விடக் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறும் முன் லாரிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை எந்த நெருக்கடியிலும் விடவே கூடாது. விலக்கு முடியும் தேதியைப் போடாவிட்டால் அடுத்த மாதம் முழுக்க அதுவே வழக்கமாகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முடிவு எடுத்தாயிற்று, பொருள்தான் வரவில்லை

மழைக்கால ஏற்பாடு இதற்கு நல்ல உதாரணம். சென்னையைச் சுற்றி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் நகரமும் புறநகரும் மூழ்கியதை இந்தத் துறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் நேரடியாக அடுக்கிய சரக்கின் கீழ்வரிசை போய்விட்டால் மேலே இருப்பதும் சாய்ந்துவிடும். ஆகஸ்டிலேயே கூட்டத்தில் பேசுவார்கள்: தரைச் சரக்கு எல்லாம் பாலட்டுக்கு மேல் ஏற வேண்டும், ஒரு மோட்டார் பம்ப், மணல் மூட்டைகள். அக்டோபர் இரண்டாம் வாரம் போய்க் கேட்டால் 'பி.ஆர். போட்டாச்சு சார், ஹெட் ஆபீஸில் இருக்கு' என்பார்கள். (பி.ஆர். என்பது வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கை.)

கோளாறு அனுமதியில். சைட் மேனேஜர் தானே எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று பாருங்கள். பெரும் மதிப்புள்ள சரக்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு பம்ப் வாங்க அனுமதி இல்லாத இடங்கள் நிறைய உண்டு. வரம்பை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். முடியாவிட்டால், பொருள் வாங்க வேண்டிய எந்த முடிவையும் பர்ச்சேஸ் ஆர்டர் எண் வரும்வரை மினிட்ஸில் 'முடிந்தது' பகுதிக்கு மாற்றாதீர்கள். அனுமதி தர வேண்டியவரை அந்தக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் போனிலாவது கூப்பிடுங்கள்.

அறிகுறி: நேரம் ஒதுக்கியும் வண்டிகள் வாசலில் வரிசை கட்டுகின்றன

உள்ளே டாக்கில் தேடாதீர்கள், கேட்டுக்குப் போங்கள். செக்யூரிட்டியின் ரெஜிஸ்டர் இன்னும் வந்த வரிசைப்படிதான் இருக்கும். ஒதுக்கிய நேரப் பட்டியல் அவரிடம் வரவே இல்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன பட்டியலும் டிரைவருக்குப் போயிருக்காது. செக்யூரிட்டியின் மேஜையில் அன்றைய பட்டியல், டிரைவரின் போனில் முந்தின நாள் ஒரு குரல் செய்தி. இந்த இரண்டும் நடந்த பிறகும் வரிசை இருந்தால்தான் டாக் பக்கம் பார்க்க வேண்டும். வண்டி காத்து நின்றதற்குக் கொடுக்கும் ஹால்டிங் சார்ஜ் எந்தத் துறைக் கணக்கில் போகிறது என்றும் ஒரு கண் வையுங்கள். அது வேறு துறையின் செலவாக இருந்தால் டாக் இன்சார்ஜுக்கு அவசரம் வராது.

இதன் ஒட்டுக் கோளாறு ஒன்று உண்டு. 'பில்லிங்கைச் சீக்கிரம் முடிப்போம்' என்று முடிவெடுத்து, சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின் ஆவணமான இ-வே பில்லைக் காலையிலேயே வண்டி எண்ணோடு போட்டுவிடுவார்கள். வண்டி கிளம்புவது மறுநாள். அந்த பில்லின் பகுதி-பியில் வண்டி விவரம் ஏறிய கணத்திலிருந்து செல்லுபடிக் காலம் ஓடுகிறது. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு. மதுரைக்கு மூன்று நாள் கிடைக்கும் இடத்தில் ஒன்றை டாக்கிலேயே கழித்துவிட்டால் டிரைவருக்கு வழியில் டயர் பஞ்சராகக்கூட நேரம் இல்லை. காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். பில்லை முன்பே தயாரித்து வைக்கலாம், வண்டி எண்ணைக் கதவு சீல் வைத்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: புதிதாக ஒரு ரிப்போர்ட் மட்டும் கூடியிருக்கிறது

முடிவு எக்செல் ஷீட்டாக மாறிவிட்டது. சூப்பர்வைசர் தினமும் மாலை அரை மணி நேரம் டாக்கை விட்டுவிட்டு அதை நிரப்புகிறார். அதைத் திறந்து பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால் இரண்டு நாள் அனுப்பாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். யாரும் கேட்கவில்லையா, நிறுத்திவிடலாம். புதிய ரிப்போர்ட் கேட்பவர் பழையதில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று விதி வைத்த இடங்களில் இந்த நோய் குறைவு.

அறிகுறி: ஒரே விஷயம் மூன்றாவது கூட்டத்திலும் வருகிறது

மேலே சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று. பெயர் இருக்கிறது, ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தது, கூலி இடிக்கவில்லை, ரேக் இடிக்கவில்லை, பொருளும் வந்துவிட்டது. இன்னும் நடக்கவில்லை. அப்படியானால் முடிவே தவறாக இருக்கலாம். இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அதனால் அது நிலுவைப் பட்டியலில் வருடக்கணக்காகத் தொங்கும்.

ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், செக்கர், மேஸ்திரி மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: 'இதை ஏன் செய்ய முடியவில்லை?' மூன்று பேரும் ஒரே காரணத்தைச் சொன்னால் அது சாக்கு அல்ல. இரண்டு டாக்குக்கு நடுவில் பேக்கிங் மேஜை போடுவது என்ற முடிவுக்கு 'ரீச் டிரக் திரும்ப இடமில்லை' என்று மூவரும் சொன்னால் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

கைவிடுவதையும் முறையாகச் செய்ய வேண்டும். மினிட்ஸில் 'கைவிடப்பட்டது, காரணம் இது' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த முடிவுக்காக வரைந்த மஞ்சள் கோட்டை அழித்து, படிவத்தில் சேர்த்த கட்டத்தை நீக்கி, ஸ்கேனர் மெனுவிலிருந்து அந்தத் தேர்வை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரவு ஷிஃப்ட் மேஸ்திரியிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேரும் ஒரு சூப்பர்வைசர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, சரக்கை அதற்குள் அடுக்க ஆரம்பிப்பார்.